மஞ்சள் எழுத்தில் போட்ட வரன் விளம்பரம்

இராஜபாளையம்
18.10.1999

அன்பு மகன் கண்ணுச்சாமிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, உன் தங்கை பரிபூரணம், நான் மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் உடம்பும் அங்கே குளிருக்கு ஈடுகொடுத்து நன்றாயிருக்க ஆண்டாள் துணையிருக்கட்டும். கம்ப்யூட்டரில் எழுத்தை அழகுபடுத்த நீ எழுதியனுப்பிய எச்.டி.எம்.எல். பாடம் எனக்கு இப்போது தலைகீழ்ப் பாடம். கோண அடைப்புக்குள் பி போட்டால் எழுத்து தடிக்கும், முடிகிற இடத்தில் சாய்கோட்டோடு இன்னொரு பி போட்டு மூட வேண்டும், பி.ஆர். போட்டால் அடுத்த வரிக்கு இறங்கும். பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தடவை எழுதியிருக்க மாட்டேன். நீயே அங்கிருந்து பரிபூரணத்துக்கு வரன் தேடி விளம்பரம் போடுவதாகத்தான் சொன்னாய், பெண்ணைப் பெற்றவன் நான் இருக்கும்போது நீ எதற்கு என்று வீம்பு பிடித்தவன் நான். அந்த வீம்புதான் இப்போது உட்கார்ந்து இதை எழுத வைக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் மாரிச்சாமி என்பவர் நெட் சென்டர் வைத்திருக்கிறார். முதல் தடவை நான் தனியாகப் போய், அமெரிக்கத் தமிழர்கள் எழுதுகிற, நீ சொன்ன அந்த இன்டர்நெட் பலகையில் சோதனைக்கு வணக்கம் என்று தடித்த எழுத்தில் போட்டேன். பி-யைத் திறந்தேன், மூட மறந்தேன். எனக்குக் கீழே எழுதியிருந்தவர்கள் எழுத்தெல்லாம் என்னால் தடித்துவிட்டது. யாரோ ஒருவர் இங்கிலீஷில் வைதிருந்தார், எனக்குப் பாதிதான் புரிந்தது என்பதால் பாதி அவமானத்தோடு தப்பினேன். அதனால் ஆவணியில் அசல் விளம்பரம் போட அவளையே கூட்டிப்போனேன், நீ எழுதித் தந்த வாசகத்தை அவளே அடித்தாள். தன் கல்யாண விளம்பரத்தைத் தானே அடிக்கிற பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, கீபோர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணக் கடுதாசிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் நம் வீட்டில் யார் அனுப்பியிருக்கிறார்கள், கறுப்பிலே போட்டால் கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும், அம்புட்டு எழுத்தையும் மஞ்சளில் போடம்மா என்றேன். யப்பா, மஞ்சளாவா என்று ஒரு தடவை கேட்டாள். மங்கல காரியம் தாயீ என்றேன். போட்டாள். திரையைப் பார்த்தால் வெறும் வெள்ளை. எங்கம்மா காணோம் என்றதற்கு, போயிருச்சுப்பா, வாங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுத்து தெரியும்போல என்று நானும் வந்துவிட்டேன்.

ஏழு வாரமாகியும் ஒரு பதில் இல்லை. நீயும் புது வேலை, புது ஊர் என்று அலைந்ததில் அதைப் பார்த்திருக்க மாட்டாய். உன் அம்மா தினமும் சோற்றைப் போட்டுவிட்டு, என்ன, உங்க மெஷின் பேசுச்சா என்கிறாள், அடுத்த தெருக்காரர்கள், உங்க மகளுக்கு இருபத்தெட்டு வயசு ஆகுதுல்ல என்று எண்ணிக் காட்டுவதாகச் சொல்லி அழுகிறாள். போன வியாழக்கிழமை பரிபூரணத்திடம் சொல்லாமல் மாரிச்சாமி கடைக்குப் போனேன். அவர் மவுஸைப் பிடித்து அந்த வெள்ளையின்மேல் இழுத்தார், இழுத்த இடமெல்லாம் நீலமாகி அதற்குள்ளிருந்து உன் தங்கை பெயர், நட்சத்திரம், உயரம், நம் அடுத்த வீட்டு போன் நம்பர் எல்லாம் எழுந்து வந்தன. வெள்ளையில மஞ்சளப் போட்டா எவன் கண்ணுக்கு அண்ணாச்சி தெரியும் என்று சிரித்தார். நானும் சிரித்தேன், முட்டாள்தனத்தில் நமக்குத்தான் பழக்கமுண்டே. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர், ஒங்க மக வாரம் தவறாம வந்து இதத் தொறந்து பாத்துட்டுத்தான் போறாக, நாந்தான் கறுப்பா மாத்தித் தரட்டுமான்னு கேட்டேன், வேண்டாண்ணே, இப்படியே இருக்கட்டும்னுட்டாக என்றார்.

அதன்பிறகு பஸ்ஸில் எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வீட்டில் அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், மழையில நனைஞ்சா வந்தீக என்று துண்டை எடுத்துத் தந்தாள். கேட்க நினைத்தவன் தலையைத் துவட்டிக்கொண்டேன். மனசில் யாராவது இருக்கிறார்களா, கடல் தாண்டிப் போக பயமா, கல்யாணமே வேண்டாமா, ஒன்றும் தெரியவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்ல நான் இடம் கொடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தால், மாப்பிள்ளைக்கு என்ன படிப்பு வேண்டும் என்று அமெரிக்காவிலிருக்கிற உன்னிடம் கேட்டேன், பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம் எதுவும் கேட்கவில்லை. மாரிச்சாமி என்னிடமும் கறுப்பா மாத்திரட்டுமா என்றபோது, செத்த நேரம் பொறுங்க என்று சொல்லி வந்தவன்தான், நாலு நாளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்டால் எனக்காகச் சரிப்பா என்று சொல்லிவிடுவாள், அதுதான் பயம். நீ கேள். அதட்டாதே, படித்தவன் என்று புத்தி சொல்லாதே, அவள் பேசி முடிக்கும் வரைக்கும் உம் மட்டும் கொட்டு. சம்மதம் என்றால் எழுத்தை அவளே கறுப்பாக்கட்டும். வேண்டாம் என்றால் விளம்பரத்தை எடுத்துவிடுவோம், உன் அம்மாவிடம் நான், கோட்டி மாதிரி ஏதோ தப்பா அடிச்சுட்டேன், எல்லாம் அழிஞ்சுபோச்சு என்று சொல்லிக்கொள்கிறேன். வேறு யார் சொன்னாலும் சந்தேகப்படுவாள், நான் சொன்னால் நம்புவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, தீர்க்காயுசாக இரு. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு உன் அம்மா மாரியம்மன் கோவிலுக்குப் போவாள், உனக்கு அது காலையாக இருக்கும், இந்தக் கடுதாசி கைக்கு வந்ததும் வருகிற வெள்ளிக்கிழமை மறக்காமல் அடுத்த வீட்டுக்குப் போன் போடு. பரிபூரணத்தை அனுப்பிவிட்டு நான் தெருவில் நிற்பேன்.

இப்படிக்கு உன் அப்பா,
பெ. தங்கச்சாமி