நோறா பிளெங்கின் தன் படத்துக்குத் தானே பேசிய கதை

ஸ்காபறோ
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் நிரூபாவுக்கு,

அப்பாவும் நானும் நல்ல சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர, அதுவும் ஸ்னோ கரைந்தால் தன்பாட்டில் சரிவந்துவிடும். நீயும் அங்கே சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, தலையைத் துவட்டிவிட்டு வெளியே போகிற பிள்ளையாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். ஃபோனில் சொல்லலாம்தானே, ஏன் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நீ "பிறகு அம்மா, பிறகு" என்று ஓடிவிடுகிறாய், இது ஓடிக்கொண்டு கேட்கிற கதை இல்லை. வியாழக்கிழமை பெரியம்மாவின் கஜீவன் இங்கிலாந்துக்கு வருகிறான், அவனிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுகிறேன், தூளுக்கு மேலே இந்தக் கடிதம் இருக்கும், திறக்கும்போது தும்மினால் என்னைத் திட்டாதே. வினோதன் மாமா பிறம்ரனுக்கு வீடு மாறிவிட்டார், கராஜ் மட்டுமே எங்கள் அப்பார்ட்மென்ற் அளவு, அதற்குள் இரண்டு காரும் மாமியின் கோபமும் நிற்கின்றன. சரி, இப்போது விசயத்துக்கு வருகிறேன், தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு வாசி.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் மூன்றாம் மாடியில் நோறா பிளெங்கின் என்று ஒரு ஆங்கிலேய மனுசி இருக்கிறார். எண்பத்தேழு வயது. இங்கே வருவதற்கு முந்தின வருசம் சின்னதாகப் பாரிசவாதம் வந்து நாக்குக் கொஞ்சம் பாரமாகிவிட்டது. எங்களிடம் வந்த நாள் தொட்டு ஒருவரோடும் கதைப்பதில்லை, முகம் கழுவிவிட்டாலும் மாத்திரை கொடுத்தாலும் தலையாட்டல் மட்டும்தான். எனக்கு அது வசதியாக இருந்தது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும்தானே, இருபத்தாறு வருசம் இந்த நாட்டில், இங்கிலீஸ் எல்லாம் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் கை தானாகப் போய் வாயை மறைக்கும். டொக்டருக்கு ஃபோன் எடுப்பதென்றாலும் நீ, நீ இல்லையென்றால் அப்பா. அப்படி இரண்டு பேரும் வாய் திறக்காமல் நல்ல சமாதானமாக இருந்தோம். நீ வேலை கிடைத்து ஹல்லுக்குப் போன கிழமை, நான் அவருடைய கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டு, எதையாவது சொல்ல வேண்டுமே என்று, என் மகள் இங்கிலாந்தில் ஹல் என்ற ஊருக்குக் காற்றாலை வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். மனுசி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எந்தத் தெரு என்று கேட்டார். உன் விலாசத்தை ஃபோனில் எடுத்துக் காட்டினால், அங்கேயிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவர் பிறந்த வீடாம்! அன்றைக்கு அரை மணித்தியாலம் பிந்தித்தான் அடுத்த அறைக்குப் போனேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் என் தேத்தண்ணி நேரத்தில் அவருடைய அறைதான். அவர் இங்கிலீசில் சொன்னதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் என் ஸ்பெல்லிங்கைப் பார்த்து நீ சிரிப்பாய்.

தகப்பன் மீன் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து மீன் இறக்குகிறவராம். நோறா பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அந்த ஊரிலிருந்த ஒரு சின்ன நாடகக் குழுவில் உடுப்பு அயன் பண்ணப் போயிருக்கிறார். கிழமைக்கு ஒரு புது நாடகம், பிள்ளை! பின்னேரத்தில் இந்தக் கிழமை நாடகத்தை நடிப்பது, காலையில் அடுத்த கிழமை நாடகத்தைப் பழகுவது. அயன் பண்ணிக்கொண்டு நின்ற இடத்தில் எல்லாருடைய வசனமும் இவருக்குப் பாடமாகிவிட்டது. பதினேழு வயதில் ஒருநாள் கதாநாயகிக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு அம்மாள் வருத்தம் கண்டு உடம்பெல்லாம் கொப்பளம் போட்டுவிட்டது, ஏழரைக்கு நாடகம். மனேச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்க, இவர் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எனக்குத் தெரியும் என்றிருக்கிறார். உடுப்புப் பெருசு, முதுகுப் பக்கம் பன்னிரண்டு ஊசி குத்தி மேடையில் ஏற்றினார்களாம். இரண்டாம் காட்சியில் ஒரு ஊசி முதுகில் ஏற, இவர் உண்மையாகவே கத்த, அதற்குத்தான் சனம் கூடக் கைதட்டியதாம். பிறகு ஆறு வருசம் அதே மேடையில் வேலைக்காரி, இளவரசி, கொலைகாரி, இருபத்திரண்டு வயதில் ஒருமுறை எழுபது வயதுக் கிழவி. அந்தக் கிழவி வேசம் இன்றைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லாகச் செய்வேன் என்று சிரிக்கிறார்.

அங்கேயிருந்து லண்டன், ஒரு நாடகம் இரண்டு வருசம் தொடர்ந்து ஓடியது. அதைப் பார்த்துவிட்டுச் சினிமாக்காரர் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்து ஃபோட்டோ ஒன்றைக் காட்டினார், உண்மையாக, கண் இரண்டும் அப்படி ஒரு கண்! மூன்றாவது படத்தில் கதாநாயகி. ஒரு துறைமுகத்துப் பெண் லண்டன் பணக்காரனைக் கலியாணம் கட்ட ஓம் என்றுவிட்டு, கடைசியில் தன் ஊர் ரயில் நிலையத்தில் வைத்து அவனை விட்டுவிட்டுத் தன் தங்கச்சியோடு வீட்டுக்குத் திரும்பிப் போகிற கதை. முதல் காட்சிக்குத் தகப்பன் புதுக் கோட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு ஹல்லிலிருந்து ரயிலில் வந்தாராம். விளக்கை நிற்பாட்டிப் படம் தொடங்கியது. திரையில் நோறா வாயைத் திறக்கிறார், உள்ளேயிருந்து வேறொரு பெண்ணின் குரல் வருகிறது. நல்ல பணக்கார லண்டன் குரல். அமெரிக்காவில் இவருடைய ஊர்ப்பேச்சு விளங்காது என்று, இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேறொருத்தியை வைத்து முழுப் படத்துக்கும் பேசுவித்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் தகப்பன் கேட்டது இவ்வளவுதான்: "முகம் உன்ரதான் பிள்ளை, ஆனா கதைச்சது ஆர்?" அடுத்த நாள் பேப்பரில் குரல் பட்டுப்போல இருக்கிறதென்று எழுதியிருந்தார்களாம். ஒப்பந்தத்துக்காக இன்னும் இரண்டு படம் நடித்தார், அதிலேயும் அதே கூத்து. அதோடு சினிமாவைக் கைகழுவிவிட்டார். "மேடையில என்ர வாய்க்குள்ளால வேற ஒருத்தி கதைக்கேலாதுதானே" என்றார். எழுபத்தொராம் ஆண்டில் ஒரு நாடகத்தோடு ரொறன்ரோவுக்கு வந்த இடத்தில் மேடைக் கதவு இறுகிவிட, அதைத் திறக்க வந்த தச்சுவேலைக்காரர் வோல்ற்றரைப் பிடித்துப்போக, மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், இவர் நின்றுவிட்டார். மோர்னிங்சைட்டில் ஒரு வீடு, குளிர்காலத்தில் ஒரு வான் வண்டியில் உடுப்புப் பெட்டியோடு ஊர் ஊராகப் பள்ளிக்கூட மண்டபங்களில் நாடகம், றேடியோவில் பிள்ளைகளுக்கு அணில் குரல். அந்த அணிலை எனக்கும் செய்து காட்டினார், பக்கத்து அறைக்காரர் மணி அடித்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. வோல்ற்றர் போய் ஆறு வருசம்.

இனித்தான் கதை. இல்லத்தில் நிகழ்ச்சிகள் ஒழுங்கு செய்கிற ஸ்டெபனி, நல்ல பிள்ளை, அந்த மூன்றாவது படத்தை எங்கேயோ தேடிப் பிடித்து, பெப்ரவரியில் நோறாவின் பிறந்தநாளுக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் போடப்போகிறேன் என்று கிறிஸ்மஸுக்கு முதலே பெரிய போஸ்டர் ஒட்டிவிட்டாள். நோறா சக்கர நாற்காலியில் வந்து அதைப் பார்த்தார். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார், அன்றைக்கு மத்தியானச் சாப்பாடும் வேண்டாம், அடுத்த நாள் காலைச் சாப்பாடும் வேண்டாம். ஸ்டெபனி அழுகிறாள், தான் என்ன பிழை செய்தேனென்று அவளுக்குத் தெரியாது. நான் தேத்தண்ணியோடு போனேன். "எண்பது பேருக்கு முன்னால அந்த லண்டன்காரியின்ர குரலைக் கேட்டுக்கொண்டு நான் இருக்கோணுமோ?" என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அப்போ அதன் சத்தத்தை நிற்பாட்டிவிட்டு நீங்களே கதையுங்கோவன் என்றேன். நாக்கு இழுக்கிறது என்றார். இழுத்தால் இழுக்கட்டும் என்றேன். பிறகு கேட்டார், மற்ற ஆட்களுக்கு யார் பேசுவது? அதை நான் யோசித்திருக்கவில்லை. அவர் யோசித்துவிட்டார்.

இப்படித்தான் உன் அம்மா நடிகையானேன், சிரிக்காதே. ஏழு கிழமை பழகினோம். கதாநாயகனுக்குச் சமையலறைக் கிருபன். ஆள் ஐந்தடி, குரல் கோயில் மணி. படத்தில் வருகிற வாடகை வீட்டுக்காரிக்கு ஸ்டெபனி. தங்கச்சிக்கு நான், பதினெட்டு வசனம். நான் மாட்டேன் என்றேன், என் இங்கிலீஸ் நல்லதில்லை என்றேன். நோறா எட்டி என் கையை வாயிலிருந்து இழுத்து மேசையில் வைத்தார். "கையை இங்க வை. நான் என்ர தங்கச்சிக்குத்தான் ஆள் தேடுறன், லண்டன் ராணிக்கு இல்லை" என்றார். பழக்கும்போது சரியான கண்டிப்பு, கிருபனை ஒரே ஒரு வார்த்தைக்காக இருபது தரம் சொல்லவைத்தார், அன்றைக்குச் சூப்பில் உப்பே இல்லை. அறுபது வருசத்துக்குப் பிறகும் முழுப் படமும் அவருக்குப் பாடம், ஆனால் வேகம் இல்லை, களைத்தால் சொல் குழறும். வீட்டில் நான் ரீவிக்கு முன்னால் நின்று தங்கச்சி வசனம் சொல்ல, அப்பா "உது உனக்குத் தேவையோ, வெக்கக்கேடு" என்றார். மூன்றாம் நாள் தானாகவே, லப்ரொப்பை ஓட்டுறதும் சத்தத்தை நிற்பாட்டுறதும் தன் பொறுப்பு என்றார்.

போன ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் நாங்கள் நாலு பேரும். நோறா நீலச் சட்டை, உதட்டுக்குச் சாயம், நான்தான் பூசிவிட்டேன். படம் தொடங்கியது. திரையில் அந்தப் பெரிய கண்கள், பக்கத்திலிருந்து நோறாவின் கரகரத்த ஹல் குரல். முதல் இரண்டு வசனத்துக்குச் சனம் திரையைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் தலையை அங்கேயும் இங்கேயும் திருப்பியது, பிறகு பழகிவிட்டது. கிருபன் ஒரு இடத்தில் பிந்திவிட்டான், கதாநாயகன் வாயை மூடி முத்தம் கொடுக்கிற நேரத்தில் "மழை வரும்போல கிடக்கு" என்றான், மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. என் பதினெட்டில் பதினேழு சரி, ஒன்றை விழுங்கிவிட்டேன்.

கடைசிக் காட்சி வந்தது. ரயில் நிலையம். திரையில் நோறா அவனைப் பார்த்து வாயைத் திறக்கிறார், எங்கள் நோறா பேசவில்லை. அவருடைய உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கண் திரையிலே நிற்கிறது, கை என் கையை இறுகப் பிடித்திருக்கிறது. திரையில் அந்தப் பெண் ஊமையாகக் கதைத்துக்கொண்டே போகிறாள். அந்த வசனம் எனக்கும் பாடம், பிள்ளை, ஏழு கிழமை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன், என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஸ்டெபனி பாவம், உதவி செய்வோமென்று பேப்பரை எடுத்து வாசிக்க வாயைத் திறந்தாள். நான் எட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அந்த வாய்க்கு இன்னுமொருத்தி பேசக்கூடாது. நான்தானே இந்த யோசனையைச் சொன்னவள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்போது நோறா, திரும்பாமல், லப்ரொப்போடு நின்ற அப்பாவுக்கு மெல்லச் சொன்னார்: "சிவா, பின்னுக்குப் போ." அப்பா படத்தைத் திருப்பி நிலைய வாசலுக்குக் கொண்டுவந்தார். இந்த முறை நோறா தொடங்கினார். குழறியது, ஒவ்வொரு சொல்லாக வந்தது, திரையில் வாய் எங்கேயோ போய்விட்டது, இவர் அதைத் துரத்தவில்லை. அந்தப் பெண் ரயிலுக்கு முதுகைக் காட்டி நடந்து போய், எழுத்தெல்லாம் ஓடி முடிந்து, திரை வெள்ளையாகிவிட்டது, நோறா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். நான் போறன், நான் என்ர ஊர்ப் பேச்சோடயே போறன், நீ என்னைக் கூப்பிடாதே என்று கடைசிச் சொல் வரைக்கும், வெறும் திரைக்கு முன்னால் சொல்லி முடித்துவிட்டுத்தான் கையை மடியில் வைத்தார்.

முன் வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், சாப்பாடு சரியில்லை என்று ஒவ்வொரு நாளும் சண்டை பிடிக்கிறவர், எழும்பி நின்று "இந்தக் குரலையோ இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சவங்கள்?" என்று கத்தினார். அதன் பிறகுதான் கைதட்டல். பிடித்து நடக்கிற வோக்கரைத் தட்டினார்கள், கரண்டியால் மேசையைத் தட்டினார்கள். அப்பா லப்ரொப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டு வயர் தேடுவதுபோல நின்றார், வயர் அவருடைய கையில்தான் இருந்தது. நோறா இரண்டு நாள் நித்திரை. மூன்றாம் நாள் என்னைக் கண்டதும், மற்ற இரண்டு படத்தையும் ஸ்டெபனி தேடட்டும், ஆனால் கிருபனுக்கு ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள் என்றார். நானும் ஒன்று செய்தேன். செவ்வாய்க்கிழமை பல் டொக்டருக்கு நானே ஃபோன் எடுத்தேன். அந்தப் பிள்ளை மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள், மூன்று தரமும் சொன்னேன், கை மேசையில்தான் இருந்தது. பல் பிடுங்க வேண்டுமாம், அது வேறு கதை.

இப்போது உனக்கு ஒரு வேலை. நேற்று நோறா என்னிடம் கேட்டார், தன் ஊர்ச்சனம் கதைப்பதைக் கேட்டு எத்தனையோ வருசம், உன் மகளால் அதைப் பதிந்து அனுப்ப முடியுமோ என்று. ஒருவரிடமும் ஒன்றும் இலகுவில் கேட்கிற மனுசி இல்லை அது. வாற சனிக்கிழமை காலையில் உன் வீட்டுப் பக்கத்து மீன்கடைக்குப் போ. ஃபோனில் பதிகிறதைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு, அவர்களை நடிக்கச் சொல்லாமல், எந்த மீன் நல்லது, இன்றைக்குக் காற்று எப்படி என்று சும்மா கேள். அவர்கள் கதைக்கட்டும். பத்து நிமிசம் காணும். மீனையும் வாங்கு, தூள் வருகிறதுதானே, நல்ல குழம்பு வை. இங்கிலீஸ் கடைச் சான்விச்சைத் தின்று மெலியாதே. உயரத்தில் ஏறி வேலை செய்யும்போது கயிற்றை இரண்டு தரம் பார். நீ போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் கிடைக்க வேண்டும், உன் கையும் காலும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்கிறேன், அப்பாவும் கேட்கிறார், வெளியே சொல்ல மாட்டார். பதிந்ததை அனுப்பும்போது தொடக்கத்தில் நீயும் உன் பெயரைச் சொல்லி ஒரு வணக்கம் சொல்லு. அவருக்கு உன் குரலையும் கேட்க வேண்டுமாம்.

உன்னை எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
புனிதவதி சிவபாதம்