எறும்பாரும் தபால் கந்தோர்க்காரரும்

12.06.1984, செவ்வாய். இறுப்பிட்டி
ஒன்பதாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்கள் திருத்தி முடியவில்லை. அதற்குள் தில்லைநாதன் அண்ணை இன்னொரு தாளை நீட்டினார். எனக்குப் பேசியிருக்கும் நயினாதீவு மாப்பிள்ளை மார்க்கண்டு, தபால் கந்தோர்க்காரர், எழுதிய பாட்டாம்.

"வாசிச்சுப் பார். ஞாயிற்றுக்கிழமை வருவினம். ஓமோ இல்லையோ, அதுக்குப் பிறகு இழுக்க ஏலாது."

விளக்குமாற்றை நிறுத்தடி பெண்ணே,
வீதி கடக்கிறார் எறும்பார்;
சின்ன உடம்பென்று தள்ளிவிடாதே,
சீவனுக்கு அளவும் உண்டோ?

அண்ணையின் மனைவி நல்லம்மா உருகிவிட்டா. "எறும்புக்கே இவ்வளவு மரியாதை. உன்னை எப்பிடி வைச்சிருப்பார், யோசிச்சுப் பார்."

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. இருபத்தொன்பது வயதில் பிடிக்காதது போல் நடிப்பானேன்?

14.06.1984, வியாழன்
பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கேள்வியை எனக்கே கொடுத்தேன். பாத்திரத்தின் மனப்பாங்கை உய்த்தறிக.

எறும்பிடம் மரியாதை — சரி. பெண்ணிடம்? கூட்டுகிறவள் அவள். நிறுத்தச் சொல்கிறவர் இவர். எங்கே இருந்துகொண்டு? கதிரையில்தான், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. இவரைக் கட்டினால் இரக்கம் அவருடையது, வேலை என்னுடையது.

அழுகை வந்துவிட்டது. நாலு வரியைப் போய் இவ்வளவு நோண்டலாமோ? நோண்டத்தானே எனக்குச் சம்பளம்.

17.06.1984, ஞாயிறு
வந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன்.

"எறும்பு போனாப் பிறகு ஆர் கூட்டினது?"

அண்ணையின் முகம் கறுத்தது. மார்க்கண்டு யோசித்தார். "அம்மா."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"பாட்டு எழுதினனான்."

காது சிவந்துவிட்டது மனிதருக்கு. மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை. பத்துக்கு ஏழு.

18.06.1984
ஓம் என்று சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது.

02.02.1985, சனி. நயினாதீவு
அலுமாரிக்குள் எலி. என் கூறைச்சேலையில் இரண்டு ஓட்டை. பொறி வைத்தேன். விடிய எலி உயிரோடு நின்று முழிசியது.

"பாவம்" என்றார்.

"பாவமெண்டால் நீங்கள்தான் பாக்கவேணும். நான் தொடன்."

வளவுக்குள் விட்டால் திரும்பி வந்துவிடும் என்று, பொறியைத் துவாயால் மூடி, மோட்டர் வள்ளமேறி அக்கரையில் குறிகட்டுவானுக்குப் போனார். சனம் எட்டி எட்டிப் பார்த்ததாம். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து, வெறும் பொறியோடு வந்து நின்றார்.

"இவ்வளவு தூரம் ஏன் கொண்டுபோனனீங்கள்?"

"உம்மட ஊர்ப் பக்கமெல்லே. உம்மட சனம் நல்லாப் பாக்கும் எண்டுதான்."

சேலைக்காகக் காலையிலிருந்து வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், காணவில்லை.