ஆறு கார்னேஷன்கள்

அன்புள்ள அண்ணா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

உன் நகைச்சுவை நாடகத்துக்கு டிக்கெட் கேட்டு தாஷ்கண்டே அலைகிறது. ஆளுநர் வேடத்தில் நீ தொப்பையைத் தடவிக்கொண்டு நடக்கும்போது எழும் சிரிப்பு, கோட்டு வாங்கி வைக்கும் அறைவரை கேட்கிறது. "குடும்பத்துலயே முதல் பட்டதாரி, கோட்டு மாட்டுறா பாரு!" என்று கேலி செய்வாயே, அந்த அறைதான்.

எல்லோரும் கோட்டைக் கொடுத்துவிட்டுத்தான் அரங்குக்குள் போகவேண்டும்; கழற்றாமலே போகிறவர் ஒருவர் இருக்கிறார். நான் கை நீட்டியபோது, என்னோடு வேலை செய்யும் சுலைஹோ அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "அவருகிட்டல்லாம் கேக்காதடி, மேலிடத்து ஆளு."

மூன்று காட்சிகளாக உனக்கென்று சிவப்பு கார்னேஷன் கொத்து தருகிறார். முதல் முறை ஆறு இருந்தது. கல்லறைக்குத்தானே இரட்டைப்படையில் பூ கொண்டுபோவோம், கடைக்காரன் தப்பாக எண்ணிவிட்டான் என்று ஒன்றை உருவிவிட்டு உன்னிடம் தந்தேன். இரண்டாம் முறையும் அப்படித்தான். நம் மேசையில் அம்மா தண்ணீர் மாற்றி மாற்றி வைப்பது அந்தப் பூக்களைத்தான்.

நேற்று துணிந்து கேட்டுவிட்டேன். "ஐயா, இதுல ஆறு இருக்கு."

"தெரியும்மா. எண்ணித்தான் வாங்கினேன்" என்றார் சிரித்துக்கொண்டே. "உங்க அண்ணன் அச்சு அசலா ஆளுநர் மாதிரியே பண்றான். சனிக்கிழமை கடைசிக் காட்சிக்கும் வர்றேன்னு சொல்லு."

நேற்றைய கொத்தை உன்னிடம் தரவில்லை.

எனக்காக இதுவரை எதுவும் கேட்டதில்லை, அண்ணா. சனிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இரு.

உன் தங்கை