டெலிபோன் புத்தகத்தில் அப்பா

14 ஒக்டோபர் 1991, ஃபாரஸ்ட் கேட்

பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி மிஸிஸ் ஃபோகல் இண்டைக்கு டெலிபோன் புத்தகத்தோடை வந்தா. ஃபோகல் எண்டால் பறவையாம். முன்னோரிலை ஆரோ குருவி பிடிச்சு வித்திருப்பினமாம். லண்டனிலை இருக்கிற ஃபோகல்களை விரல் வைச்சு எண்ணிக் காட்டினா. பிறகு, "ஒருத்தரும் எனக்குச் சொந்தமில்லை" எண்டா.

நானும் அதிலை எங்கட பெயரைத் தேடினன். லண்டனுக்கு வந்த புதிசிலை குடும்பப் பெயர் கேக்க, அப்பாவின்ரை பெயரைக் குடுத்தனான். அவர் எங்கட வீட்டு நம்பரைப் பிடிச்சுக்கொண்டு புத்தகத்திலை தனிய நிண்டார். சாகுமட்டும் போன் இல்லாத மனிசன்.

நாளைக்கு மகளின்ரை பிறப்பைப் பதியவேணும். எங்கட வழக்கப்படி அவளுக்குப் பின்னாலை என்ரை பெயர்தான் வரும். அப்பாவின்ரை பெயர் என்னோடை நிண்டுபோகும்.

மனிசி படுக்கச் சொல்லுறா. எனக்கெண்டால், தெருமுனைப் போன் பெட்டியிலையிருந்து அந்த நம்பருக்கு ஒருக்கா அடிச்சால், அப்பா எடுத்து "ஓம், சொல்லு" எண்டுவார் போலை கிடக்கு.