எண் காட்டாத கியர்

2008 மார்ச், சனிக்கிழமை இரவு

தம்புள்ளை சைக்கிள் ரேஸுக்குத் தம்பி சேகரோடு நானும் போனேன். கனடாவிலிருந்து மாமா அனுப்பிய, பொத்தானை அமுக்கினால் மாறும் பற்றரி கியரைப் போன வாரம்தான் சைக்கிளில் பூட்டியிருந்தான். கியர் எண்ணைக் காட்டும் சின்னத் திரை வேறு கம்பெனியுடையது. வயர் பொருந்தியும் எண் வரவில்லை.

சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, மேலே கட்டியிருந்த சைக்கிளை இறக்கச் சொன்னார்கள். பற்றரியையும் வயரையும் பார்த்த ஆமிக்காரர் என்னவென்று சிங்களத்தில் கேட்டார். கியர் என்றான் தம்பி; திரை எதற்கென்றதும், கியர் எண்ணைக் காட்ட என்றான்.

"அப்படியென்றால் திரையில் எண்ணைக் காட்டு."

பொத்தானை அமுக்கினான். திரை இருட்டாகவே கிடந்தது. பெடலைச் சுற்றிக் காட்டக் குனிந்தான். குண்டென்று நினைத்தாரோ, தொடாதே என்று துப்பாக்கியை நீட்டினார்.

ஜீப்பில் ஏற்றும்போது, "அண்ணே, ரேஸ் நாளைக்குத் தள்ளிப் போச்சு, நான் அங்கயே தங்கிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிருங்க" என்றான்.

அவனைக் கொண்டுபோன பொலிஸில் மாலைவரை நின்றேன். காலையில் வரச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப நாளைக்கு நானும் வந்து பார்க்கிறேன்டா."

அலுமாரியிலிருந்து நல்ல சேலையை எடுத்து மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் நான் பொலிஸுக்குப் போகவேண்டும்; அந்தச் சேலை பக்கத்தில் இருக்க இதை எழுதுகிறேன்.