வான்கோழி குடித்த ஒயின்

என் அருமை மாமா,

எங்கே இருந்தாலும் என் குரல் கேட்கிற தூரத்தில்தான் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஐப்பசி மழையில் உங்கள் உடலைப் போடிக்கு இறக்கிக்கொண்டு போன அதே ஜீப்பில்தான், போன வாரம் கிறிஸ்துமஸ் விருந்துக்கான வான்கோழி மேலே எஸ்டேட்டுக்கு வந்தது.

மேனேஜர் ஐயா என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். "செல்லத்தாயி, இந்த விருந்தைச் செஞ்சு காட்டு. சரியா வந்தா உன் புருஷன் பாத்த சமையல் வேலை உனக்கு, குடியிருக்கிற வீடும் உனக்கு. இல்லேன்னா தை மாசம் வேற ஆளு வரும்" என்றார்.

ஏலக்காய் எடுத்த கை இது. நீங்கள் நின்ற பங்களா அடுப்பை நான் கண்டேனா? இந்த வீட்டை விட்டால் சிலமலையில் தம்பி வீடுதான் கதி. தம்பி ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் பெண்டாட்டி முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் சொன்ன ஒன்று மட்டும் நினைவில் இருந்தது. "பறவைக்கு முந்துன நாளே சரக்கு ஊத்திவிடணும் புள்ள. மயங்கிக் கெடக்கும், கறி பஞ்சா வேகும்." எந்தப் பாட்டிலை எடுப்பீர்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன்தான் கேட்காமல் விட்டேனோ.

ஐயாவின் மச்சினர் கொச்சியிலிருந்து ஒயின் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தார். மூன்று பாட்டில் பளபளவென்று இருந்தன. ஒன்று மட்டும் தூசி படிந்து, லேபிள் அரித்துப்போய்க் கிடந்தது. போன வருஷத்து மிச்சம், பறவைக்கென்று ஒதுக்கியது என்று நினைத்துவிட்டேன். தக்கையை நோண்டி எடுத்து, அலகைப் பிரித்து, பாதியை ஊற்றினேன். அது பத்தடி தள்ளாடி நடந்து என் காலடியிலேயே படுத்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் விருந்து. சூப்புக்கு ஒரு ஒயின், மீனுக்கு ஒரு ஒயின் என்று ஊற்றினார்கள். அடுத்து வான்கோழிக்கு அந்தப் பழசுதானாம். பதினைந்து வருஷம் தூசிகூடத் தட்டாமல் பொத்தி வைத்திருந்ததாக மச்சினர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சமையற்கட்டில் நின்று அதைக் கேட்டேன். துடைக்கும்போது கைதவறி உடைந்துவிட்டது என்று சொல்லலாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வான்கோழித் தட்டை மேசையில் வைத்தேன். பக்கத்தில் பாதி பாட்டிலையும் வைத்தேன். "ஐயா, மீதியைப் பறவைக்கு ஊத்திட்டேன்யா. பழசாச்சேன்னு எடுத்துட்டேன்" என்றேன்.

மச்சினர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். மறுபடியும் வெட்டினார். மேனேஜர் ஐயாதான் சிரித்தார்.

"அப்போ வருஷா வருஷம் பாட்டில் கொறஞ்சது இதுக்குத்தானா? உன் புருஷன் குடிக்கிறான்னுல்ல நான் நெனச்சேன்! கைப்பக்குவம் உள்ளவன், போகட்டும்னு விட்டேன்."

எனக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் போய்க் கோபம் வந்துவிட்டது. "அவரு நாக்குல ஒரு சொட்டு வச்சதில்லய்யா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று சத்தமாகவே கேட்டேன். மேசையில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

இத்தனை வருஷமும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டா அவர்களுக்குப் பரிமாறினீர்கள்? அது உங்களுக்குத் தெரியுமா மாமா? தெரிந்தேதான் வாய் திறக்காமல் இருந்தீர்களா?

ஐயா கத்தியைக் கீழே வைத்தார். "நான் நெனச்சது தப்புதான்" என்றார். பிறகு, "அடுத்த வருஷம் பறவைக்குன்னு தனியா ஒரு ரம் பாட்டில் வாங்கிடலாம். எடுக்கும்போது சொல்லிட்டு எடு" என்றார்.

அடுத்த வருஷம் என்றாரே, அது எனக்குச் சொன்னதுதானே? வேலை உனக்குத்தான் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. போய்க் கேட்கவும் தைரியம் இல்லை. வாசலில் ஜீப்புச் சத்தம் கேட்டாலே புது ஆள் வந்துவிட்டானோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

வீடு நிலைத்தாலும் சரி, மூட்டையைக் கட்டிச் சிலமலைக்கு இறங்கினாலும் சரி, ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உங்களைக் குடிகாரர் என்று இனி ஒருவர் நினைக்க விடமாட்டேன். போடிமெட்டு செக்போஸ்டு வரைக்கும் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வேன்.

உங்கள் அக்கா மகள்,
உங்கள் வீட்டுக்காரி,
செல்லத்தாயி