மாட்டுக்கென்று சொன்ன அல்லிக்கிழங்கு

சேற்றுக் காலைக் கழுவக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து என்னை மடியில் போட்டுக்கொண்ட என் அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதும் உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. கடலைக்காடு கட்டாந்தரையாகக் கிடக்கிறது. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து யாராவது அரிசி கொண்டுவந்தால் எல்லை தாண்டவிடாமல் செக்போஸ்டில் இறக்கி வைத்துவிடுகிறார்கள். ரேஷன் அரிசி நாலு நாளைக்குக்கூடப் போதவில்லை. பத்து ஏக்கர்காரர் வீடு என்று பார்த்துப் பார்த்து நீ என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இப்போது கூழும் மரவள்ளியும்தான்.

நம் ஊர் எருத்தேன்பதியில் குளத்தை வைத்து நீ எங்களைக் காப்பாற்றியதை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். மழைக்காலத்தில் பூ விரியும்போதே வெள்ளை அல்லி நிற்கிற இடமாகப் பார்த்து வேலங்குச்சி நட்டு வைப்பாய். கோடையில் தண்ணீர் சுண்டிக் கிழங்கு தோண்டும்போது பூவும் இருக்காது, இலையும் இருக்காது. குச்சி இல்லாவிட்டால் எது வெள்ளை, எது சிவப்பு என்று யாருக்கும் தெரியாது. சிவப்பு அல்லிக் கிழங்கு கசக்கும், வயிற்றைப் புரட்டும் என்று எங்களைத் தொடக்கூட விடமாட்டாய். பெரிய கிழங்கை எடுத்துக்கொண்டு, சின்னதைத் திரும்பச் சேற்றில் வைத்துக் குதிகாலால் மிதித்துவிடுவாய், அடுத்த வருஷத்துக்கு. கறுப்புத் தோலைச் சுரண்டி, இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து, உப்பும் காந்தாரி மிளகாயும் நசுக்கி வைத்துத் தருவாய். அப்பா போன பிறகு நானும் தம்பியும் தின்று வளர்ந்தது அதைத்தான்.

எனக்கு அது பிடிக்கும் என்றுதானே அன்றைக்கு, சித்திரைக் கனிக்கு மறுநாள், அந்தக் கிழங்கு மூட்டையைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தாய்? வெயிலில் நடந்தே வந்திருந்தாய். வாசலில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"மூட்டையில என்னங்க சம்மந்தி?" என்று கேட்டார்.

நீ வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "மாட்டுக்குங்க அத்தை. கறவை மாட்டுக்கு நல்லதுன்னு எங்கூருல போடுவாங்க."

நீ என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "ஆமாங்க சம்மந்தி, மாட்டுக்குத்தானுங்க" என்றாய்.

மூட்டையை அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினார்கள். நீ ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினாய். அதற்கப்புறம் நீ வரும்போதெல்லாம் வெறுங்கையோடுதான் வந்தாய். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாமே அம்மா. ஏன் திட்டவில்லை?

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. என் கொழுந்தனார் மனைவி சரசுவை உனக்குத் தெரியும். உன் மூட்டையைத் தொட்டியில் கொட்டியபோது மாட்டுக்கொட்டகையில் நின்ற புதுப்பெண். அவளுக்கு இப்போது மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, செல்வி. போன மாதம் இந்த ஊர்க் குளம் வற்றி அடிச்சேறு தெரிந்தது. துணி துவைத்துவிட்டு வரும்போது சரசு கேட்டாள்.

"ஏனுங்கக்கா, உங்கம்மா கொண்டாந்த கெழங்கு இந்தக் கொளத்துலயும் இருக்குதுங்களே. மனுசரும் திங்கலாமுங்களா? செல்விக்குக் கூழு எறங்கவே மாட்டேங்குது."

மாமியார் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தார். "எனக்கென்ன தெரியும், நானென்ன அதையெல்லாம் தின்னா பாத்திருக்கறேன்?" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டேன்.

மாடு பச்சையாகவே தின்று நன்றாகத்தானே இருந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மறுநாள் போய்க் கைக்கு அகப்பட்ட இடத்தில் தோண்டினாள். அது சிவப்பு. தோலோடு ஒரே தண்ணீரில் வேகவைத்து, தான் ஒரு வாய்கூடத் தின்னாமல், கருப்பட்டி தொட்டு அத்தனையையும் குழந்தைக்கே ஊட்டினாள். சாயங்காலத்துக்குள் செல்வி வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டுவிட்டாள். வண்டி கட்டிச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். மூன்று நாள் கண்ணே திறக்கவில்லை. பிழைத்துக்கொண்டாள் அம்மா, பயப்படாதே. ஆனால் இன்றைக்கும் யார் எதை ஊட்டப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"கொளத்துல கெடந்ததப் பொறுக்கிக் குடுத்திருக்கறயே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார். சரசு சுவரோடு ஒண்டிக்கொண்டு அழுதாள். நானும் அங்கேதான் நின்றேன். குழந்தைக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நேற்று என்னால் முடியவில்லை. பின்கட்டில் அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எது வெள்ளை, எது சிவப்பு, எத்தனை தண்ணீர் மாற்றவேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும் என்று.

முறத்தைக் கீழே வைத்தாள். "பொறகு ஏனுங்கக்கா அன்னைக்குச் சொல்லுல?"

"எங்கம்மா அதக் குடுத்துத்தான் எங்கள வளத்துனாங்கன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சரசு."

அவள் என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "உங்கம்மா இருந்திருந்தா அவங்களையே போய்க் கேட்டிருப்பனுங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. இனிப் பேசுவாளா? தெரியவில்லை.

அவள் சொன்னது நிஜந்தான். உன் வாயில் ஒரே ஒரு தடவைதான் பொய் வந்தது. அதை வரவழைத்தவள் நான்.

நாளை மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது சொல்லப்போகிறேன். சரசு மேல் ஒரு தப்பும் இல்லை என்று முதலில் சொல்வேன். எங்கள் வீட்டில் அது மாட்டுத் தீனி இல்லை, எங்கள் சோறு என்று சொல்வேன். இந்த வாசலில் வைத்து என் அம்மாவைப் பொய் சொல்ல வைத்தது நான்தான் என்றும் சொல்வேன். மாமியார் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்ன அந்தப் பொய்யை உன் பேரில் இன்னொரு நாள் இருக்க விடமாட்டேன் அம்மா. இது சத்தியம்.

அந்தக் கிழங்கைத் தின்று வளர்ந்த உன் மகள்,
மயிலாத்தாள்